மார்ச் முடியும் முன்

3 மார்ச் 2025, திங்கள்

இன்றும் நன்கொடை வந்ததாக வங்கியிலிருந்து குறுஞ்செய்தி இல்லை.

4 மார்ச்

நாங்கள் நிதி கேட்டிருக்கும் நிறுவனத்திலிருந்து மீண்டும் அதே கேள்வி. "மேடம், பயனாளிகள் எத்தனை பேர்? ஒருவருக்கு என்ன செலவாகும்?" படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இருக்கிறது, நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. வெயிலில் வேலை செய்பவர்களைப் பற்றி ஆய்வாளர் எழுதியதை அரசு அதிகாரியின் மேசைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எங்கள் வேலை. அது அரசாணையானால் உப்பளத்தில் நிற்கும் அத்தனை பேரும் பயனாளிகள். ஆகாவிட்டால் ஒருவரும் இல்லை. இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

கம்பெனிகள் தங்கள் சமூகப் பொறுப்பு நிதியை எதற்கெல்லாம் தரலாம் என்று சொல்லும், கம்பெனிச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையை இரவு மறுபடி படித்தேன். பசி, சுகாதாரம், கல்வி, சுற்றுச்சூழல் எல்லாம் இருக்கின்றன. ஆய்வைக் கொள்கையாக்குவதற்கென்று ஒரு வரி இல்லை. சுகாதாரத்தின் கீழ் வைத்திருக்கிறேன். பொய் இல்லை. மனித உடம்பின் சூட்டைப் பற்றித்தானே பேசுகிறோம்.

6 மார்ச்

எங்கள் அலுவலகத்தில் குறிப்பு எழுதும் தம்பிக்குப் பெங்களூரிலிருந்து வேலைக்கு அழைப்பு வந்திருக்கிறது. சம்பளம் இரண்டு மடங்குக்கு மேல். "அக்கா, நான் இன்னும் பதில் சொல்லவில்லை" என்றான். நான் என்ன சொல்ல?

அவன் செய்வது என்ன என்று எந்த நன்கொடையாளருக்கும் என்னால் புரியவைக்க முடிந்ததில்லை. நாற்பது பக்க ஆங்கிலக் கட்டுரையை மூன்று நாள் வைத்துக்கொண்டு படிப்பான். எழுதியவருக்கு நான்கு முறை போன் செய்வான். ஈரக்குமிழ் வெப்பநிலை என்பதை, காற்றில் ஈரம் கூடினால் வியர்வை காயாது, வியர்வை காயாவிட்டால் உடம்பு ஆறாது என்று இரண்டே வரியில் எழுதுவான். பிறகு கோட்டையில், அதாவது தலைமைச் செயலகத்தில், முதலில் கேட்கப்போகும் கேள்விக்குப் பதில் தேடுவான்: பட்ஜெட்டின் எந்தக் கணக்குத் தலைப்பில் செலவு? அதற்குத் தனியாக ஒரு வாரம். கடைசியில் இரண்டு பக்கம். அந்த இரண்டு பக்கத்துக்குத்தான் யாரும் பணம் தருவதில்லை. ஆய்வுக்குக் கொடுப்பார்கள், குடிநீர்த் தொட்டிக்குக் கொடுப்பார்கள். நடுவில் இருப்பவனின் சம்பளம் அவர்களுக்கு "நிர்வாகச் செலவு".

8 மார்ச், சனி

மகளிர் தினம். மூன்று நிறுவனங்கள் உப்பளப் பெண்களின் படம் கேட்டன. ஒன்றுகூட அறிக்கை கேட்கவில்லை.

9 மார்ச்

வெளிநாட்டு நிதி வாங்குவதற்கான அரசுப் பதிவின் புதுப்பிப்பு: நிலுவையில். இரவு 11 மணிக்கும் பார்த்தேன். நிலுவையில்.

12 மார்ச்

நேற்றுக் காலை முத்துநகர் எக்ஸ்பிரஸில் தூத்துக்குடி போய்ச் சேர்ந்து, இரவே திரும்பிவிட்டோம். நிதி தருவதாகச் சொல்லும் நிறுவனத்திலிருந்து ஒருவர் உடன் வந்தார். நல்ல மனிதர், வெயிலில் நிற்கத் தயங்கவில்லை.

பாத்தி ஓரத்தில் ஓர் அம்மா உப்பு வாரும் பலகையை வைத்துவிட்டு எங்களிடம் வந்தார். குதிகாலில் வெடிப்பு, வெடிப்புக்குள் உப்பு. இடுப்பில் ஒரு லிட்டர் பாட்டில் கட்டியிருந்தார். மணி பத்தரை. விடியுமுன்பே வேலைக்கு வந்தவர், ஆனால் பாட்டிலில் கால் பங்குகூடக் குறையவில்லை. தண்ணீர் சுடுகிறதா என்று கேட்டேன். "சூட்டுக்காக இல்லை அம்மா. குடித்தால் எங்கே போவது?" என்று சுற்றிலும் கையை வீசிக் காட்டினார். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெள்ளை. ஒரு புதர்கூட இல்லை.

உடன் வந்தவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "ஒரு கழிப்பறை கட்டித் தரலாமே, உடனே செய்துவிடலாம்" என்றார். கட்டட்டும், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் அடுத்த உப்பளத்துக்கு? வேதாரண்யத்துக்கு? வேலைத்தளத்தில் நிழலும் கழிப்பறையும் இருந்தாக வேண்டும் என்று காகிதத்தில் ஏறி, அதைப் போய்ப் பார்க்க ஓர் ஆளும் இருந்தால்தானே எல்லா இடத்துக்கும் போகும்? ரயிலில் இதை அவரிடம் மூன்று விதமாகச் சொன்னேன். மூன்றாவது முறை தலையசைத்தார்.

அந்தப் பாட்டில் கண்ணிலேயே நிற்கிறது.

14 மார்ச்

மாநில பட்ஜெட். அலுவலகத்தில் எல்லோரும் ஒரே போனைச் சுற்றி உட்கார்ந்து கேட்டோம். தம்பி கையில் பென்சில். பெங்களூரைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

17 மார்ச்

எங்கள் குறிப்பை வாசித்து, ஓரத்தில் கேள்வி எழுதி, இரண்டு முறை திருப்பி அனுப்பி, மூன்றாவது முறை "சரி, கோப்பில் வையுங்கள்" என்ற அதிகாரிக்கு மாற்றல். ஒன்றரை ஆண்டு உழைப்பு. கோப்பு அங்கேயே இருக்கும். அதைத் திறக்கும் கை வேறாகிவிட்டது.

இனி முதலிலிருந்து. இதற்குத்தான் ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும் என்கிறேன்.

18 மார்ச்

தூக்கம் வரவில்லை. 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தார்கள், இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம். இன்று ஓர் அறக்கட்டளையின் கேள்வி: "அது உங்களால் வந்ததா?" ஆம் என்று எழுதினால் காசோலை வந்துவிடும் போல இருந்தது.

எத்தனை பேர் கைபட்ட விஷயம் அது! 2017-இல் தொடங்கி 800 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து, கடும் வெயிலில் வேலை செய்பவர்களுக்குக் கருச்சிதைவு அபாயம் இரு மடங்கு என்று காட்டியவர்கள் இருக்கிறார்கள். வார்டில் மயங்கி வந்தவர்களைக் கணக்கெடுத்த மருத்துவர்கள், தொழிற்சங்கத்தார், செய்தியாளர்கள் இருக்கிறார்கள். நாங்கள் சில பக்கங்களைச் சுமந்தோம். அப்படியே எழுதி அனுப்பிவிட்டேன். இயக்குநர் அம்மா படித்துவிட்டு, "இதுதான் சரி" என்றார். அவர் முகமும் வாடித்தான் இருந்தது.

20 மார்ச்

கணக்கில் இருப்பது ஏப்ரல் சம்பளம் வரைதான். ஆறு பேர்.

22 மார்ச், சனி

ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் பஸ்ஸில் வந்து, மாடி ஏறி, 5,000 ரூபாய்க்குக் காசோலை கொடுத்தார். வருமான வரிச் சலுகைக்கான 80ஜி ரசீது எழுதப் போனேன், வேண்டாம் என்றார். "நாற்பது வருடம் கட்டுரை எழுதினேன் அம்மா. யாராவது எடுத்துப் போய் ஓர் அதிகாரியிடம் கொடுத்திருப்பார்களா என்று இன்னும் யோசிக்கிறேன்." ரசீதைக் கட்டாயப்படுத்திக் கொடுத்தேன். அவர் இறங்கிப்போன பிறகு வெகுநேரம் வேலை ஓடவில்லை.

26 மார்ச்

நிதி தருவதாகச் சொன்ன நிறுவனத்தின் போர்டு கூட்டம் தள்ளிப்போகிறது. மார்ச் 31-க்குள் பணம் வராது என்றார்கள். கைகால் உதறியது. நானும் கணக்காளர் ஐயாவும் சமூகப் பொறுப்பு நிதிக்கான விதியை வரிவரியாகப் படித்தோம். ஒரே ஆண்டுத் திட்டம் என்றால், செலவாகாத பணம் ஆறு மாதத்துக்குள் அரசு நிதிகளில் ஏதாவது ஒன்றுக்குப் போய்விடும். பல ஆண்டு தொடரும் நடப்புத் திட்டம் என்று போர்டு குறித்துவிட்டால், 30 நாளுக்குள் தனி வங்கிக் கணக்கில் போட்டு வைத்து மூன்று நிதியாண்டுக்குள் செலவழிக்கலாம். கோப்பு நகரும் வேகத்துக்கு மூன்று ஆண்டுதான் பொருத்தமும்கூட. இரவே கடிதம் அனுப்பினேன். தூத்துக்குடிக்கு வந்தவரிடமும் தனியாகப் பேசினேன். "முயல்கிறேன்" என்றார்.

27 மார்ச்

பதில் இல்லை.

28 மார்ச்

பதில் இல்லை. தலைவலி.

31 மார்ச்

ரம்ஜான். மூன்றாவது மாடி வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. மாலை 4:50-க்கு, தூத்துக்குடிக்கு உடன் வந்தவரிடமிருந்து போன்: தீர்மானத்தைப் போர்டு உறுப்பினர்களுக்குச் சுற்றுக்கு விட்டிருக்கிறார்களாம், இருவர் கையெழுத்திட்டாயிற்று, மூன்றாமவர் பயணத்தில். அந்தப் பாட்டிலைப் பற்றி அவர்களிடம் சொன்னதாகச் சொன்னார்.

1 ஏப்ரல்

ஆண்டுக் கணக்கு முடிப்பு, வங்கி விடுமுறை. இருந்தும் நான்கு முறை போனை எடுத்துப் பார்த்தேன்.

2 ஏப்ரல்

காலை 6:40. புது அதிகாரிக்கான குறிப்பைத் தம்பி அனுப்பியிருக்கிறான். இரண்டே பக்கம். கழிப்பறையை மூன்றாவது பத்தியிலிருந்து முதல் வரிக்குக் கொண்டுவந்திருக்கிறான். கணக்குத் தலைப்பும் இருக்கிறது. கீழே "அக்கா, இதை நானே நேரில் கொடுக்கிறேன்" என்று எழுதியிருக்கிறான். பெங்களூர் பற்றி ஒன்றும் இல்லை.

11 மணிக்குக் கோட்டை. அடையாள அட்டையை எடுத்துக்கொள்ள வேண்டும்.