இரண்டடிக் கண்ணகி: கழுத்து வரை வந்தாயிற்று

சென்னிமலையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நான் சிமெண்ட்டில் செய்யும் கண்ணகி கழுத்து வரை எழும்பிவிட்டாள். தூண்டியது மெரினா சிலைதான். 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது வைத்து, 2001இல் அகற்றி, 2006இல் மறுபடி நிறுத்திய அதே சிலை. அதை அப்படியே பார்த்துச் செய்வதில் எனக்கு ஆசையில்லை. சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையில் பாண்டியன் அரசவைக்குள் நுழைகிறாளே, அவள்தான் வேண்டும்: புழுதி படிந்த மேனி, விரிந்து கிடக்கும் கூந்தல், கையில் ஒற்றைச் சிலம்பு.

அளவில்தான் அதிகம் யோசித்தேன். முகத்தின் நீளம் ஒரு தாளம் என்பது ஸ்தபதிகளின் கணக்கு. அம்மன் என்றால் பத்துத் தாளம், மனிதர் என்றால் எட்டு. பத்தில் செய்தால் தலை சிறுத்து உடல் நீண்டு, பார்த்தவுடன் கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றும். பாண்டியன் முன்னால் நிற்பவள் இன்னும் தெய்வமாகவில்லை. புருஷனைப் பறிகொடுத்துவிட்டு நியாயம் கேட்க வந்தவள். ஆகவே எட்டு. இரண்டடிச் சிலைக்கு முகம் மூன்று அங்குலம்.

உள்ளே முதுகுத்தண்டாக 8 மி.மீ. கம்பி. சிலம்பு ஏந்தி நீளும் கைக்கு 6 மி.மீ. கம்பி, அதைத் தோளோடு நிறுத்தாமல் இடுப்பு வரை இறக்கிக் கட்டியிருக்கிறேன், பாரம் அங்கே போய்ச் சேரட்டும் என்று. மேலே கோழிவலை இரண்டு சுற்று. கலவை, ஒரு பங்கு சிமெண்ட்டுக்கு இரண்டு பங்கு சலித்த எம் சாண்ட், அதாவது கல்லை உடைத்துச் செய்யும் மணல். அதன் மணிகள் முனை கூரானவை, நைசாக இழுபடாது. சேலைக் கொசுவத்துக்குக் கரணையை வைத்துவிட்டு, ஈர விரலாலேயே மடிப்பு மடிப்பாக இழுத்தேன். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆடிக் காற்று பூச்சின் ஈரத்தை உறிஞ்சிவிடும். சாக்கை நனைத்துப் போர்த்தாவிட்டால் மயிரிழை மயிரிழையாக விரிசல் விடும்.

சிலம்பை மட்டும் சிமெண்ட்டில் செய்ய மனம் வரவில்லை. பித்தளைக் குழாயை வளையமாக்கி, காங்கேயம் பக்கத்துப் பட்டறை ஒன்றில் வாங்கிய சிவப்புக் கல் துண்டுகளை உள்ளே குலுங்கும் பரலாகப் போட்டேன். அவள் சிலம்பில் மாணிக்கம், அரசியின் சிலம்பில் முத்து. வழக்கே அதில்தானே தீர்ந்தது! மணிகளுக்குப் பேர்போன, பதிற்றுப்பத்து பேசும் கொடுமணல் எங்கள் ஊருக்குப் பக்கம்தான். ஆட்டினால் நல்ல ஓசை வருகிறது.

பக்கத்து வீட்டு அப்புச்சி மாடிக்கு வந்து, "கன்னிமார் சாமியா கண்ணு?" என்று கேட்டார். "இல்லைங்க அப்புச்சி, கண்ணகி" என்றேன். "யாரானால் என்ன, மழை பெய்தால் சரி" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். சிலப்பதிகாரத்தின் முகப்பில் வரும் உரைபெறு கட்டுரையில், எங்கள் கொங்கு நாட்டுக் கொங்கிளங்கோசர் இவளுக்கு விழா எடுத்ததும் மழை பொய்க்காமல் பெய்ததாக வருகிறது. அப்புச்சி அதைப் படித்தவரில்லை.

அடுத்தது கூந்தல். சணல் நாரைச் சிமெண்ட் பாலில் தோய்த்து, கற்றை கற்றையாகத் தோளில் படியவிடப் போகிறேன். வாய் திறந்திருக்க வேண்டுமா, மூடியிருக்க வேண்டுமா என்பதை அதற்குப் பிறகுதான் முடிவு செய்வேன். வர்ணம் கிடையாது, சிமெண்ட் நிறமே புழுதிக்குப் போதும்.