புஷ்பக் மாடலில் கண்ணுக்குத் தெரியாத சுவிட்ச்: செய்து பார்த்த அனுபவம்

என் புஷ்பக் ரிமோட்டில் பறக்கும் மாடல் விமானம், அசலில் ஆறில் ஒரு பங்கு அளவு. இறக்கை முனைக்கு முனை 183 செ.மீ. அசல் புஷ்பக் பெங்களூர் எச்ஏஎல்லில் செய்தது. 1958-ல் முதன்முதலாகப் பறந்தது. இரண்டு பேர் அருகருகே உட்கார்ந்து ஓட்டுகிற விமானம், நம் நாட்டு ஃபிளையிங் கிளப்புகளில் எத்தனையோ பேர் அதில்தான் பறக்கக் கற்றுக்கொண்டார்கள். அதனால்தான் வெளிநாட்டு விமானம் எதையும் தேடாமல் இதை எடுத்தேன். பதினான்கு மாதம் ஞாயிறு ஞாயிறாக பால்சா என்கிற லேசான மரத்தை அறுத்து ஒட்டி, மேலே பிளாஸ்டிக் ஃபிலிம் இழுத்து முடித்த பிறகு, பக்கவாட்டில் சதுர ஓட்டை போட்டு ஒரு கறுப்பு ஸ்லைடு சுவிட்சைத் திருக மனம் ஒப்பவில்லை. வெளியே தெரியாத சுவிட்ச்தான் வேண்டும் என்று முடிவு செய்தேன்.

முதலில் மின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். மோட்டாருக்கு 4 செல் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி. ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவருக்கும், இறக்கை வால் பாகங்களை அசைக்கும் குட்டி மோட்டார்களான நான்கு சர்வோவுக்கும் தனியாக 2 செல் லைஃபே பேட்டரி, 6.6 வோல்ட். மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சி-யிலிருந்து ரிசீவருக்கு வரும் மூன்று ஒயரில், அந்தப் பக்கத்திலிருந்தும் கரண்ட் வராதபடி சிவப்பை மட்டும் உருவி டேப் சுற்றிவிட்டேன். இனி எழுதுவதெல்லாம் இந்த ரிசீவர் பேட்டரியின் சுவிட்சைப் பற்றியது.

எல்லோரும் முதலில் செய்வதையே நானும் செய்தேன். சாதாரண ஸ்லைடு சுவிட்சை உடம்புக்குள் திருப்பி வைத்து, அதன் குமிழில் நுண்ணிய துளை போட்டு, 1.5 மி.மீ. பியானோ கம்பியை மாட்டி, கம்பியின் மறுமுனையை வயிற்றுப் பக்கம் வெளியே விட்டேன். அசல் விமானத்தில் பெட்ரோல் வடிக்கிற குழாய் போல அது தெரிந்தது. பார்க்க மிகவும் அழகு. ஆனால் அதே சுவிட்ச் ஜாதி என்னிடம் ஏற்கெனவே ஒரு விமானத்தைப் பலி வாங்கியிருக்கிறது. போன வருடம் என் பழைய டிரெய்னர் (பறக்கப் பழகும் மாடல்) ஆற்காடு பக்கம் பாலாற்று மணலில் மூக்கால் இறங்கியது. திரும்பும்போது ரிமோட்டின் எந்த ஸ்டிக்குக்கும் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து சுவிட்சைப் பிரித்துப் பார்த்தால், பித்தளைத் தகட்டில் கறுப்புப் படலம், மூலையில் மாவு போல மணல். ஆற்று மணல் அப்படித்தான், எங்கே இடுக்கு கிடைத்தாலும் போய் உட்காரும்.

அதனால் இந்த முறை மீட்டர் வைத்து அளந்தேன். நான்கு சர்வோவையும் ஒருவர் கையால் லேசாகத் தடுத்துப் பிடிக்க, இரண்டு ஸ்டிக்கையும் சுற்றினால் ஏறத்தாழ 2 ஆம்பியர் ஓடுகிறது. அந்த நேரத்தில் புது ஸ்லைடு சுவிட்சின் இரு பக்கத்துக்கும் நடுவே 0.05 வோல்ட்தான் இழப்பு. பழைய டிரெய்னரின் சுவிட்சில் 0.35. அப்போதே மனதுக்குள் அந்தக் கம்பி யோசனை முடிந்துவிட்டது. வெளியே இருக்கிற சுவிட்சையாவது கண்ணால் பார்க்கலாம், தட்டிப் பார்க்கலாம். உள்ளே போய்விட்ட சுவிட்ச் கெட்டுக்கொண்டே வந்தால் யாருக்குத் தெரியும்?

எங்கள் தெருமுனையில் இரு சக்கர வண்டிகளுக்கு ஒயரிங் பார்க்கிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். சால்டரிங்கில் சந்தேகம் என்றால் அவரிடம்தான் போவேன். விஷயத்தைச் சொன்னதும் நான் வரைந்து கொண்டுபோன ஒயரிங் படத்தை அவர் பார்க்கவே இல்லை.

“ஒயரு அறுந்துபோச்சின்னா உன் வண்டி நிக்கணுமா ஓடணுமா, அத்த முதல்ல சொல்லு தம்பி.”

“ஓடணும்ணா. வானத்துல நிக்கக் கூடாது.”

“அப்போ பழைய டூ ஸ்ட்ரோக் மொபெட் மாதிரி பண்ணு. அதுல சாவியைத் திருப்பி நிறுத்தினா பாயின்ட் எர்த்துக்குப் போவும், தீப்பொறி நின்னுடும். ஒயரு கட்டாச்சின்னா வண்டி பாட்டுக்கு ஓடும்.”

எனக்கு வேண்டியது இதுதான். சுவிட்ச் வழியாகக் கரண்ட் போகக் கூடாது. சுவிட்சின் வேலை ‘நிறுத்து’ என்று சொல்வது மட்டும். அது உடைந்தாலும் ஒயர் அறுந்தாலும் விமானம் ஆனிலேயே இருக்க வேண்டும்.

காட்பாடியில் ரயில் ஏறி சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் சாமான் வாங்கி வந்தேன். பேட்டரியின் பிளஸ் பாதையில் ஒரு பி-சேனல் மாஸ்ஃபெட். இது மின்சாரத்தாலேயே ஆன் ஆஃப் ஆகிற சுவிட்ச், சோர்ஸ், டிரெயின், கேட் என்று மூன்று கால். கேட் மைனஸ் பக்கம் இறங்கினால் ஆன், பிளஸ் பக்கம் ஏறினால் ஆஃப். சோர்ஸ் பேட்டரிப் பக்கம், டிரெயின் ரிசீவர் பக்கம். கேட்டிலிருந்து மைனஸுக்கு 100கே (100 கிலோ ஓம்) ரெசிஸ்டர். இது எப்போதும் கேட்டைக் கீழே இழுத்து மாஸ்ஃபெட்டை ஆனில் வைக்கும். கேட்டுக்கும் பிளஸுக்கும் நடுவே ரீட் சுவிட்ச். காந்தத்தைக் கிட்டே வைத்தால் ரீட் மூடும், கேட் மேலே ஏறும், எல்லாம் ஆஃப். காந்தத்தை எடுத்தால் ஆன். வெளியே ஓட்டையே வேண்டாம், ஃபிலிமுக்கு மேலேயே காந்தம் வேலை செய்யும்.

முதலில் கடையில் கிடைத்த ஐஆர்எஃப் 9540 மாஸ்ஃபெட்டைப் போட்டது தவறு. அது முழுதாகத் திறக்க கேட்டில் 10 வோல்ட் வேண்டும், 6.6 வோல்ட்டில் பாதி மனதோடுதான் வேலை செய்தது. அதே 2 ஆம்பியரில் 0.4 வோல்ட் இழப்பு, கை வைத்தால் சூடு. அப்புறம் 4.5 வோல்ட்டிலேயே நன்றாகத் திறக்கும் ஏஓ 3401 இரண்டை இணையாக வைத்தேன். அரிசி அளவுதான் ஒவ்வொன்றும், லென்ஸ் இல்லாமல் ஒட்ட முடியாது. இழப்பு 0.06 வோல்ட். சூடே இல்லை.

ரீட் சுவிட்ச் ஒரு கண்ணாடிக் குழாய், 14 மி.மீ. நீளம், உள்ளே இரண்டு மெல்லிய உலோக நாக்குகள். அதன் காலை நேரடியாக வளைத்தால் கண்ணாடி விரியும். ஒன்று எனக்கு அப்படிப் போனது. கண்ணாடிக்கு அருகே குறடால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அதற்கு அப்பால் இருக்கும் பகுதியை மட்டும் வளைக்க வேண்டும்.

இடம்: இடது கதவுக்குக் கீழே, உள்பக்கம். சர்வோவிலிருந்தும் மோட்டாரிலிருந்தும் நன்றாகத் தள்ளி. ஹாட் குளூவால் ஒட்டினேன். மே மாதம் ஒரு நாள் மதியம் வரை விமானம் காருக்குள் இருந்தது. வேலூர் கத்திரி வெயிலைப் பற்றி நம்மவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எடுத்துப் பார்த்தால் ரீட் தன் இடத்தை விட்டுச் சரிந்து தொங்குகிறது, காந்தம் வைத்தால் ஆஃப் ஆகவில்லை. ஆனிலேயே நின்றது, அதாவது வடிவமைத்தபடியே கெட்டது. அன்று எனக்கு வந்த நிம்மதி பெரியது. எப்பாக்ஸியால் மறுபடி ஒட்டினேன்.

வெளியே சுவிட்ச் இல்லாததால், ஆனா ஆஃபா என்பதும் தெரியாது. டேஷ்போர்டில் ஒரு மி.மீ. துளை போட்டு, பின்னால் சிவப்பு எல்இடி வைத்தேன், ரிசீவர் பக்கத்திலிருந்து. கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

இந்த எல்இடிதான் இன்னொரு கோளாறையும் காட்டியது. கரடுமுரடாக இறங்கும்போது ரீட்டின் நாக்குகள் அதிர்ந்து ஒரு கணம் தொட்டுக்கொண்டால்? விமானத்தை ஒரு அடி உயரத்திலிருந்து சக்கரம் படும்படி தரையில் விட்டு, போனில் ஸ்லோ மோஷனில் எடுத்தேன். பத்து முறையில் இரண்டு முறை எல்இடி கண் சிமிட்டியது. ரீட்டோடு தொடராக 10கே, கேட்டிலிருந்து மைனஸுக்கு 1 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் சேர்த்தேன். இப்போது காந்தம் சில மில்லி செகண்டாவது நிலையாக இருந்தால்தான் ஆஃப் ஆகும். 100கே-யை 220கே ஆக மாற்ற வேண்டியிருந்தது, இல்லாவிட்டால் ஆஃப் நிலையில் கேட் முழுதாக மேலே ஏறாது. மறுபடி இருபது முறை விட்டுப் பார்த்தேன், ஒரு சிமிட்டல் இல்லை.

ஆஃபில் இருந்தாலும் 30 மைக்ரோ ஆம்பியர் போல ஓடிக்கொண்டே இருக்கும், மாதத்துக்கு 20 எம்ஏஎச். காந்தம் தவறி விழுந்தாலோ தானாக ஆனாகிவிடும். ஆகவே வீட்டில் வைக்கும்போது பேட்டரி பிளக்கைக் கழற்றியே ஆக வேண்டும்.

மோட்டாருக்கு இந்த முறையை யாரும் போடாதீர்கள். ரிசீவர் கெட்டால் ஆனில் நிற்க வேண்டும், மோட்டார் கெட்டால் நின்றுவிட வேண்டும். பிரொப்பெல்லர் விரலைப் பதம் பார்த்துவிடும். மோட்டார் பேட்டரிக்கு சுவிட்சுக்குப் பதிலாக, செருகிப் பிடுங்குகிற எக்ஸ்டி 60 பிளக் ஒன்றைத் தனித் துண்டாக வைத்திருக்கிறேன். கதவைத் திறந்து, பிரொப்பெல்லருக்குப் பின்னால் நின்று, அதைக் கடைசியாகச் செருகுவேன். இறங்கியதும் முதலில் அதைத்தான் பிடுங்குவேன்.

வேலூருக்குப் பக்கத்தில் அப்துல்லாபுரம் விமானத் தளம் இருப்பதால், எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்துவிட்டு ஆற்காடு பக்கமே போகிறோம். காலை ஆறு மணி, காற்று எழும் முன். காந்தத்தில் என் தங்கை கட்டிவிட்ட சிவப்பு ரிப்பன். அதை இழுத்து எடுத்ததும் நான்கு சர்வோவும் ஒரு தடவை சிலிர்த்து நேராகும். இதுவரை பதினோரு முறை பறந்தாயிற்று. போன வாரம் இடது இறக்கை முனை சீமைக்கருவேலஞ்செடியில் உரசியது, ஃபிலிம் ஒரு சாண் கிழிந்தது. எல்இடி அணையவில்லை.