வீட்டைக் கலைத்துவிட்டுப் புறப்படுகிறோம்

நெடும்பயணம் போவதற்காக வாடகை வீட்டைக் காலி செய்கிறோம் என்று சொன்னதிலிருந்து, சாமான்களை எல்லாம் என்ன செய்தீர்கள் என்றே பலரும் கேட்கிறார்கள். பிரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில் ஆகியவை விளம்பரம் போட்ட வாரத்திலேயே பாதி விலைக்கும் குறைவாக விற்றுப்போயின. அவற்றில் எனக்கு வருத்தமில்லை. பாட்டி சீர்வரிசையாகக் கொண்டுவந்த, பெயர் பொறித்த பித்தளை அண்டாவை மட்டும் எடைக்குப் போட மனம் வராமல், பொங்கலுக்கு இன்றும் விறகடுப்பு மூட்டும் சித்தியின் வீட்டில் சேர்த்தோம். புத்தகங்கள் கிளை நூலகத்துக்குப் போயின (இரண்டை மட்டும் நான் ஒளித்துக்கொண்டதை மனைவி இன்னும் கவனிக்கவில்லை).

1962இல் ஜெர்மனியின் ஹோவல்ஹோஃபிலிருந்து மிதிவண்டியில் கிளம்பி, அரை நூற்றாண்டு உலகைச் சுற்றிய ஹைன்ஸ் ஷ்டூக்கெயின் துணிச்சல் எங்களுக்கில்லை என்பதால், வைப்புத்தொகையையும் மருத்துவக் காப்பீட்டையும் கைவிடவில்லை. உண்மையில் எங்கள் பயணத்தை வடிவமைப்பவை விசா விதிகள்தாம்: ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாள்களிலும் 90 நாள்களுக்கு மேல் தங்க முடியாது; வியட்நாமின் மின்விசாவும் அதிகபட்சம் 90 நாள்களுக்கே கிடைக்கும். ஆகவே மூன்று மாதத்துக்கு ஓரிடம் என்ற கணக்கில், முதலில் வியட்நாமுக்குச் செல்கிறோம்.

எழுதும் மேசை ஒன்று இன்னும் விலைபோகவில்லை. வேண்டுவோர் உள்பெட்டியில் கேட்கலாம்.