வால் அசைகிறதா?

2014 ஜூன் 2, திங்கட்கிழமை. சிங்கப்பூர் சிலேத்தார் விமான நிலையத்தில் நான் விமான மெக்கானிக்காக வேலை பார்த்த ஹேங்கரில் பத்து மணி டீ பிரேக் என்றால் கால் மணி நேரம்தான். அன்றைக்கு முக்கால் மணி நேரம் ஓடியது. சூப்பர்வைசரும் வந்து உட்கார்ந்துகொண்டதால் கேட்பாரில்லை.

முந்தின நாள்தான் செய்தி வந்திருந்தது. அமெரிக்காவில் பாஸ்டனுக்குப் பக்கத்தில், பெட்ஃபர்டின் ஹான்ஸ்கம் விமான நிலையத்தில் இரவு 9.40 வாக்கில் கிளம்பிய கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி-4 தனியார் ஜெட் ஒன்று தரையை விட்டு எழும்பவே இல்லை. ஓடுபாதையைத் தாண்டி, வேலியை உடைத்து, பள்ளத்தில் பாய்ந்து எரிந்துவிட்டது. 7 பேர். ஒருவரும் பிழைக்கவில்லை.

தனியார் ஜெட் விழுந்த செய்தி வந்தால் எங்கள் ஆட்கள் பேசுவதை வெளியாள் கேட்டால் பயந்துவிடுவார். பரிதாபப்படுவதெல்லாம் ஒரு நிமிடம். பிறகு விசாரணைதான். எஞ்சின் பார்க்கிறவர், "டயர் வெடிச்சிருக்கும், வேகம் பிடிக்காம போயிருக்கும்" என்றார். சக்கரமும் பிரேக்கும் பார்க்கிற தஞ்சாவூர்க்காரர், "டயர் வெடிச்சா வேற மாதிரி போகும். இது எஞ்சின்ல பவர் வரல" என்றார். ஏவியானிக்ஸ், அதாவது எலெக்ட்ரானிக் கருவிகள் பார்க்கிற பையனுக்குப் பறவை மேல் சந்தேகம். மலேசியாவின் ஜொகூரிலிருந்து தினமும் பாலம் தாண்டி வரும் அண்ணன் ஒருவர் மட்டும் குரலைத் தாழ்த்தினார். விமானத்தில் இருந்த லூயிஸ் காட்ஸ், நாலு நாள் முன்னால்தான் ஃபிலடெல்ஃபியா இன்குவயரர் பத்திரிகை நிறுவனத்தைக் கூட்டாளியோடு சேர்ந்து 8.8 கோடி டாலருக்கு ஏலத்தில் எடுத்திருந்தார். "அவ்வளவு காசு புழங்குற இடம். சும்மாவா விடுவானுங்க?"

ஒருவர்கூடத் தன் கை படுகிற பாகத்தைச் சந்தேகப்படவில்லை என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை. ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

எங்கள் லீட் அண்ணன் டீயை ஆற்றிக்கொண்டே, "எழும்பலைன்னா முதல்ல எலிவேட்டரைத்தான்டா பார்க்கணும்" என்றார். வாலில் மேலும் கீழும் அசைந்து விமானத்தின் மூக்கைத் தூக்குகிற பலகைதான் எலிவேட்டர். அப்புறம் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

என் மனசில் ஓடியதும் அதேதான். வால் பகுதியில் எதையாவது விட்டுவிட்டிருப்பார்கள், கன்ட்ரோல் கேபிள் எங்கேயோ சிக்கியிருக்கும். இப்படித் தோன்றியதற்குக் காரணம் ஒரு டார்ச். இரண்டு வருடம் முன்னால், ஒரு நைட் ஷிஃப்ட் முடிவில், டூல் பாக்ஸை எண்ணாமலே 'சரி' என்று கையெழுத்துப் போட்டேன். தினமும் அப்படித்தான் போடுவேன். ஒவ்வொரு டூலுக்கும் ஃபோமில் வெட்டிய பள்ளங்களில் ஒன்று காலியாக இருந்தால் கண்ணில் படாமலா போகும் என்று ஒரு திமிர். காலையில் பேனலை மூடுமுன் லீட் அண்ணன் வால் அறைக்குள் தலையை விட்டிருக்கிறார். கேபிள் ஓடும் கப்பிக்கு ஒரு சாண் தள்ளி என் டார்ச், இன்னும் எரிந்தபடி. அவர் திட்டவில்லை. புகாரும் எழுதவில்லை. மதியம் சாப்பிடும்போது என் தட்டுக்குப் பக்கத்தில் அதை வைத்துவிட்டுப் போனார். அவர் புகார் எழுதியிருக்க வேண்டும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

பெட்ஃபர்டுக்கு வருகிறேன். ஜூன் நடுவில் முதற்கட்ட அறிக்கை வந்தது, அதுவே குழப்பியது. கஸ்ட் லாக் என்று ஒன்று உண்டு. நிற்கிற விமானத்தின் எலிவேட்டர், வாலில் இடவலமாகத் திரும்பும் ரடர், இறக்கைகளில் இருக்கும் எய்லரான் மூன்றும் காற்றில் அடித்துக்கொள்ளாமல் பிடித்து வைக்கும் பூட்டு. எஞ்சினை ஸ்டார்ட் செய்யுமுன்பே எடுத்துவிட வேண்டும். சிதைவில் கிடைத்த அதன் கைப்பிடி எடுத்த நிலையில்தான் இருந்தது. கறுப்புப் பெட்டியின் பதிவோ, எலிவேட்டர் பூட்டிய இடத்திலேயே நின்றது என்றது. மறுபடி டீ பிரேக் நீண்டது.

2015 செப்டம்பரில் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடித்துச் சொன்னது: பூட்டை எடுக்காமலே ஓட்டியிருக்கிறார்கள். பாதி ஓட்டத்தில் 'லாக் போட்டிருக்கிறது' என்று விமானி திரும்பத் திரும்பச் சொன்னது காக்பிட் ஒலிப்பதிவில் இருக்கிறது. எஞ்சின் பவரைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை உடனே இழுத்து நிறுத்தியிருந்தால் நின்றிருக்கும். அவர்கள் ஓடிக்கொண்டே பூட்டை விடுவிக்கப் பார்த்தார்கள். இத்தனைக்கும் பூட்டு விழுந்திருந்தால் த்ராட்டில் 6 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்பதுதான் வடிவமைப்பு. வேறு 9 ஜி-4 விமானங்களில் சோதித்தபோது அதைப்போல மூன்று நான்கு மடங்கு போயிருக்கிறது. அந்த ஏற்பாட்டுக்குச் சான்று கொடுத்தவர்கள் வரைபடத்தைப் பார்த்தே கொடுத்துவிட்டார்கள்.

இதைவிட என்னைத் தூங்கவிடாதது இன்னொரு எண். கன்ட்ரோல்களை முழுசாக அசைத்துப் பார்க்கும் சோதனை பத்து விநாடி வேலை. அந்த விமானிகள் முந்தைய 175 டேக்-ஆஃப்களில் அதை முழுமையாகச் செய்தது 2 முறைதான். கற்றுக்குட்டிகள் இல்லை, பல வருடம் ஜோடியாகப் பறந்தவர்கள். பிறகு அமெரிக்காவில் 1,43,756 தனியார் ஜெட் பயணங்களின் பதிவுகளை அலசியபோது, கிட்டத்தட்ட 18 சதவீதத்தில் இந்தச் சோதனை அரைகுறை, அல்லது இல்லவே இல்லை. ஜொகூர் அண்ணனின் சதித் திட்டத்துக்கு அதில் இடமே இல்லை. டயருக்கும் எஞ்சினுக்கும் பறவைக்கும் இல்லை. என் டார்ச்சுக்கும் இல்லைதான், ஆனாலும் அந்த 173 எனக்குப் பழக்கமான எண்ணாக இருந்தது.

லீட் அண்ணன் ஓய்வு பெறும் வாரம் இதைப் பேசிக்கொண்டிருந்தோம். 1935 அக்டோபரில் ஓஹையோவில் போயிங்கின் மாடல் 299 விழுந்ததும் இதே பூட்டை எடுக்க மறந்ததால்தான், விமானி கையில் செக்லிஸ்ட் வந்ததே அதற்கப்புறம்தான் என்றார். "பூட்டை மறக்கக் கூடாதுன்னு எழுதி வச்சான். இப்ப எழுதி வச்சதை மறந்துட்டான்." சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது வேறு ஹேங்கர், வேறு ஊர். விமானத்தை வெளியே இழுத்து விட்டதும் மற்றவர்கள் உள்ளே போய்விடுவார்கள். நான் காதுமூடியை மாட்டிக்கொண்டு வெயிலில் நிற்பேன். எலிவேட்டர் மேலே, கீழே. ரடர் இடது, வலது. போன மாதம் ஒரு ஜெட் இவை எதையும் அசைத்துக் காட்டாமலே ஓடுபாதையை நோக்கி உருண்டு போனது. போகிற வழியில் செய்வார்கள் என்று பக்கத்தில் இருந்த பையன் சொன்னான். செய்திருப்பார்கள்தான். ஓடுபாதைக் கோடியில் அது தரையை விட்டு எழும்பும்வரை நான் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.