மேற்கு ஆப்பிரிக்கக் கதைகள்: தேர்வுக்கு இரண்டு முதலைகள் போதும்

முதுகலையில் நாட்டார் வழக்காற்றியல் தாளுக்குப் படிக்கிறவர்களுக்கு இதை எழுதுகிறேன். ‘மேற்கு ஆப்பிரிக்கக் கதைகளில் மனிதர், விலங்கு நட்பும் நம்பிக்கையும்’ என்று கேள்வி வந்தால், பத்துக் கதைகளின் பெயரை அடுக்க வேண்டாம். நான் இரண்டை மட்டும் ஆழமாகப் படித்தேன். இரண்டிலும் முதலை வருகிறது.

முதல் கதை செனகலுடையது. அந்நாட்டு வொலோஃப் மக்களின் மரபில் வழங்கிய இதை செனகல் எழுத்தாளர் பிராகோ தியோப் 1947இல் வெளியிட்ட தொகுப்பில் பிரெஞ்சில் எழுதினார். ஆற்றைவிட்டு வெகுதூரம் வந்துவிட்ட முதலையைப் பாயில் சுருட்டிக் கட்டி, தலையில் சுமந்து தண்ணீரில் சேர்க்கிறான் ஒரு சிறுவன். சேர்த்ததும் முதலை அவனையே பிடித்துக்கொள்கிறது. நன்மைக்குக் கூலி தீமைதானா என்று வழக்கு எழுகிறது. கிழப்பசுவும் கிழக்குதிரையும் முதலையின் பக்கமே பேசுகின்றன. பால் கறந்தவரையில், சுமை இழுத்தவரையில் வைத்துக்கொண்டு, வயதானதும் விரட்டிவிட்ட மனிதரை அவை பார்த்திருக்கின்றன. கடைசியில் வரும் முயல், ‘இவ்வளவு பெரிய உடம்பை இந்தப் பொடியன் சுமந்தானா? நம்ப முடியவில்லை, செய்து காட்டுங்கள்’ என்கிறது. முதலை மறுபடி கட்டுக்குள் போகிறது.

பெரும்பாலோர் முயலின் தந்திரத்தை எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் கதையின் உயிர் அந்த இரண்டு சாட்சிகளிடம்தான் இருக்கிறது. முயல் சிறுவனைக் காப்பாற்றுகிறதே தவிர, பசுவுக்கும் குதிரைக்கும் யாரும் பதில் சொல்லவில்லை. நம்பிக்கையை முதலில் முறித்தது யார் என்ற கேள்வி மனிதர் பக்கமே திரும்பி நிற்கிறது. இதை விரிவாக எழுதுங்கள். கூண்டிலிருந்து விடுவித்தவரையே தின்ன வந்த புலி, பிராமணர், நரி கதை நமக்குத் தெரிந்ததுதான். அதுவும் இந்தச் செனகல் கதையும் உலகக் கதை வகை அட்டவணையில் 155ஆம் வகை. அதை ஒரு வரியில் சொன்னால் போதும்.

இரண்டாவது, கானாவின் வட எல்லையில் உள்ள பாகா ஊரில் வழங்கும் கதை. துரத்தப்பட்ட வேடன் ஒருவன் நீர்க்கரையில் சிக்கிக்கொள்ள, முதலை அவனை அக்கரை சேர்க்கிறது. தன் வழியினர் முதலைக்குத் தீங்கு செய்யமாட்டார்கள் என்று அவன் வாக்குக் கொடுக்கிறான். அந்த ஊர்க் குளத்து முதலைகளை மக்கள் இன்றும் கொல்வதில்லை. அங்கே முறிந்த நம்பிக்கை இங்கே தலைமுறைகளாகக் காக்கப்படுகிறது. இரண்டையும் எதிரெதிரே வைத்தாலே விடை அமைந்துவிடும்.

படிக்கும்போது ஒவ்வொரு கதைக்கும் மக்கள், நாடு, தொகுத்தவர், ஆண்டு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘ஆப்பிரிக்கக் கதை’ என்று மொட்டையாக எழுதாதீர்கள். அது அந்த மக்களுக்குச் செய்யும் அநீதியும்கூட. கானாவின் அகான் மக்களிடம் வழங்கும் அனன்சி என்ற சிலந்தியின் கதைகளை ராட்ரே என்ற ஆய்வாளர் 1930இல் தொகுத்திருக்கிறார். சிலந்தி பெரும்பாலும் ஏமாற்றுக்காரன் என்பதால் அவற்றை ஒப்பீட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஐந்து மதிப்பெண் வினாவாக இருந்தால் அனன்சியை விட்டுவிட்டுப் பசு, குதிரை சாட்சியத்தை மட்டும் எழுதுங்கள்.