மருத்துவமனையில் குழு உளசிகிச்சை
நோயாளிகள் பலர் ஒரு சிகிச்சையாளரோடு ஒன்றாக அமர்ந்து தம் சிக்கல்களைப் பேசும் குழு உளசிகிச்சை மனநலப் பிரிவில் தொடங்கியதன்று. 1905இல் பாஸ்டன் நகரில் ஜோசப் பிராட் என்ற மருத்துவர், காசநோயாளிகள் நீண்டநாள் தங்கிச் சிகிச்சை பெறும் சானடோரியத்துக்குச் செல்ல வசதியற்ற காசநோயாளிகளை வாரந்தோறும் ஒன்றுகூட்டியதையே பலரும் அதன் தொடக்கமாகக் கொள்கிறார்கள். இன்றைய மனநல உள்நோயாளிப் பிரிவின் நிலைமை வேறு: நேற்று எதிரே அமர்ந்திருந்தவர் இன்று வீடு திரும்பியிருப்பார், அவர் இடத்தில், இரவில் சேர்க்கப்பட்டு இன்னும் யாரையும் நம்பத் துணியாத ஒருவர் இருப்பார். ஆகவே ஒவ்வோர் அமர்வும் தன்னளவில் முழுமை பெற வேண்டும். பழைய துயரங்களைக் கிளறிவிட்டு, மிச்சத்தை அடுத்த வாரம் பேசலாம் என்று நிறுத்த முடியாது.

"எனக்கும் அப்படித்தான் இருந்தது" என்று சக நோயாளி சொல்லும்போது தளரும் தனிமை, மருத்துவர் எவ்வளவு பரிவோடு பேசினாலும் அவ்வளவு எளிதில் தளர்வதில்லை என்பது என் உறுதியான எண்ணம். பணியாளர் பற்றாக்குறையைக் காரணம் காட்டி முதலில் கைவிடப்படுவது இந்த அமர்வாக இருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. மருந்து வேளையைப் போலவே இதற்கும் நேரம் உறுதி செய்யப்பட வேண்டும்.