சேற்றையும் எடுங்கள்

ஏரிகளில் நெகிழி மாசு பற்றி ஆய்வு செய்கிறேன் என்றதும், "மிதக்கிற பாட்டிலையெல்லாம் எண்ணுவீங்களா?" என்றுதான் பலரும் கேட்பார்கள். எங்கள் நேரமெல்லாம் 5 மில்லிமீட்டருக்கும் குறைவான துணுக்குகளிலேயே போய்விடுகிறது.

படகின் ஓரமாக நுண்வலையை இழுத்து மாதிரி எடுப்பது எளிது. அதில் சிக்கிய பாசியையும் இலைத்தூளையும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றிக் கரைக்க வேண்டும். மிஞ்சியதை வடிகட்டி நுண்ணோக்கியில் வைத்தால் நீலமும் சிவப்புமாக இழைகள் தெரியும். சந்தேகமான இழையைப் பழுக்கக் காய்ச்சிய ஊசியால் தொடுவேன். நெகிழி என்றால் சுருண்டு உருகும், பருத்தி உருகாது. எந்த வகை நெகிழி என்பதை அகச்சிவப்பு நிறமாலைதான் உறுதியாகச் சொல்லும். அந்த இழை எங்கள் சட்டையிலிருந்தே விழுந்திருக்கலாம் என்பதால் ஆய்வகத்தில் பருத்தி மேலங்கிதான். ஈரமான வெற்று வடிதாள் ஒன்றும் மேசையில் திறந்தே இருக்கும். அதில் விழும் இழைகளை எண்ணி, மாதிரியின் கணக்கிலிருந்து கழிப்போம்.

எனக்கு உறுத்துவது வேறு. மேற்பரப்பை மட்டும் அளந்து ஏரி சுத்தம் என்று சொல்லிவிடுகிறார்கள். பைகள் செய்யும் பாலிஎத்திலீன் மிதக்கும், ஆனால் அதன்மேல் பாசியும் நுண்ணுயிரும் படரப்படர அதுவும் கனத்து மூழ்கும். தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் நெகிழியின் அடர்த்தி சுமார் 1.38 (தண்ணீருக்கு 1), இயல்பிலேயே அடியில் போய்விடும். சேற்றிலிருந்து அதைப் பிரிக்கச் சாதாரண உப்புக் கரைசல் போதாது, அதன் அடர்த்தி 1.2தான். பெட்டைவிட அடர்த்தியான துத்தநாகக் குளோரைடு கரைசல் வேண்டும், அதில்தான் பெட் மிதந்து மேலே வரும். விலை அதிகம், கையாள்வதிலும் கவனம் தேவை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். விட்ட இடத்தில்தான் புழுக்களும் பூச்சிப் புழுப்பருவங்களும் வாழ்கின்றன. அவற்றை மீன் தின்கிறது.

ஆறு கொஞ்சமாவது அடித்துக்கொண்டு போகும். ஏரி தேக்கி வைக்கும். வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியில் நீர் முழுவதும் மாறச் சுமார் 190 ஆண்டுகள் ஆகும். மங்கோலியாவில் மலைகளுக்கு நடுவே, மக்கள் மிகக் குறைவாக வாழும் ஹோவ்ஸ்கோல் ஏரியில்கூட சதுர கிலோமீட்டருக்குச் சராசரியாக 20,000க்கும் அதிகமான துணுக்குகள் இருந்ததாக 2014இல் வெளிவந்த ஆய்வு சொன்னது. அதைப் படித்தபோது மனசு கனத்துப்போனது. பெரிய ஆலை எதுவும் தேவைப்படவில்லை. குப்பையைச் சரியாக அள்ள ஏற்பாடில்லாமல் போனதே போதுமாக இருந்திருக்கிறது.

அதனால், கண்காணிப்புத் திட்டம் எழுதுகிறவர்களிடம் நான் விடாமல் கேட்பது இதைத்தான்: வலைக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கையாவது சேற்று மாதிரிக்கு ஒதுக்குங்கள்.